புளி முதலில், சாம்பல் பிறகு

எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்த பிறகுதான் தண்ணீருக்கும் நிறம் உண்டு என்று தெரிந்தது. கிணற்றில் வாளி விட்டு இறைத்த காலத்தில் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. குடமும் அண்டாவும் பித்தளை. அவற்றை அன்றாடம் விளக்கிக் கவிழ்த்துவிடுவார்கள். கறை தங்க நேரமே கிடையாது. குழாயை யார் கவிழ்த்து வைப்பது? அது சுவரோடு சுவராக நின்றபடி, தன் வழியே போகும் தண்ணீரின் குணத்தை மேலே பூசிக்கொண்டது.

கொல்லையில் கிணற்றை ஒட்டிக் கட்டிய தொட்டிக்கு வைத்த பித்தளைக் குழாய் பச்சை பூத்தது. சில வருடம் கழித்து வீட்டுக்குப் பின்னால் போர் போட்டார்கள். அதிலிருந்து இழுத்த குழாய்களில் வெள்ளை படிந்தது. முந்திரித் தோப்பில் மோட்டார் கொட்டகைக் குழாயோ சிவந்து கிடந்தது. ஒரே ஊர், ஒரே குடும்பம், மூன்று நிறம். மூன்றுக்கும் அப்பாயி அடுப்படியிலிருந்தும் கொல்லையிலிருந்தும்தான் மருந்து எடுத்தார். கடையில் வாங்கிய பொடி எங்கள் வீட்டுக்குள் வந்ததே அவர் காலத்துக்குப் பிறகுதான்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். வெளியூர்க்காரர்களுக்கு அரங்குளநாதர் கோயிலைச் சொன்னால் தெரியும். பொன்னாகப் பழம் காய்த்த பனைமரத்தின் கதை அந்தக் கோயிலோடு சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் பொற்பனைக்கோட்டை, தொல்லியல் துறை அகழாய்வு செய்த பிறகு செய்தித்தாள்களில் அடிபடுகிறது. எங்களுக்கு ஊர் என்றால் செம்மண்தான். வேட்டி, பாவாடை, பள்ளிக்கூடத்துச் சட்டை எல்லாவற்றிலும் அதன் சாயம் இருக்கும். ஓரடி தோண்டினால் செம்புறாங்கல். வற்றாத ஆறு எதுவும் எங்கள் மாவட்டத்துக்கு வாய்க்கவில்லை. ஏரி, குளம், கண்மாய், கிணறு, பிறகு போர் என்று தண்ணீரைத் தேடித் தேடிக் கீழே இறங்கிய ஊர்கள் இவை. எவ்வளவு ஆழம் இறங்கினோமோ அவ்வளவுக்குக் குழாயில் கறையும் கூடியது.

பச்சைதான் முதலில் வந்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈரக்காற்றில் கிடந்தால் அதிலுள்ள செம்பு பச்சைக் களிம்பாகப் பூக்கும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்கும்போதே கொல்லைக் குழாயையும் விளக்கிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் முன்னால் இந்த வேலை இன்னும் விரிவாக நடக்கும். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையை அப்பாயி கொட்ட விடமாட்டார். கொட்டாங்கச்சியில் சேர்த்து வைப்பார். மாசி பங்குனியில் உலுக்கிய புதுப்புளி சமையலுக்கு. பானையடியில் கறுத்துப்போன பழம்புளி விளக்குவதற்கு.

அவர் செய்த முறைக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் அரிசி களைந்த கழுநீரைத் தொட்டுத் தேங்காய் நாரால் ஒரு தேய். அதில் கைப்பிசுக்கும் எண்ணெயும் போய்விடும். பிறகு துளி உப்புச் சேர்த்துப் புளியை அப்பிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போடுவார். வெற்றிலை மென்று முடிந்ததும் எழுந்து வந்து தேய்த்துக் கழுவுவார். அதன் பிறகுதான் சாம்பல். அதுவும் அடுப்பிலிருந்து அள்ளியது அப்படியே ஆகாது. பழைய வேட்டித் துணியில் சலித்து எடுத்த, மாவு போன்ற சாம்பல். கடைசியில் காய்ந்த துணியால் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும்.

ஒருமுறை நான் அவசரத்தில் கேட்டேன்: "ரெண்டையும் ஒண்ணாக் கொழச்சுத் தேச்சா சீக்கிரம் முடியுமே அப்பாயி?"

"ஒண்ணாக் கொழச்சா ரெண்டும் செத்துப்போயிரும் தாயி. புளி அது வேலைய முடிக்கட்டும், அப்புறம் சாம்பலு."

பின்னாளில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் எடுக்கும்போது அந்தப் பதிலை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேனோ தெரியாது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். செம்பின் களிம்பைப் பிடித்துக் கரைப்பதில் அது கெட்டிக்காரன். விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட் முதலான காரம். இரண்டையும் சேர்த்துக் குழைத்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று உப்பும் தண்ணீரும் ஆகிவிடும். களிம்புக்கு எதுவும் மிஞ்சாது. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் கதையே வேறு. புளி களிம்பைக் கரைக்கும். இடுக்கில் தங்கிய புளிப்பைச் சாம்பல் முறிக்கும். புளிப்பு மிச்சமிருந்தால் மறுநாளே மறுபடி பச்சை பூக்கும். விளக்கை விளக்கிவிட்டுக் கடைசியில் திருநீறு போட்டுத் துடைக்கிற வழக்கத்திலும் இதே கணக்கு இருக்கிறது.

வெற்றிலை போடும் நேரத்துக்கும் காரணம் உண்டு. "அதுக்கு மேல விட்டா பித்தளை செம்பாப் போயிரும்" என்பார். சின்ன வயதில் இதை ரசவாதக் கதை என்று நினைத்திருந்தோம். பித்தளையை அமிலத்தில் நெடுநேரம் ஊறப்போட்டால் துத்தநாகம் முதலில் கழன்று வெளியேறும். மேற்பரப்பில் செம்பு மட்டும் தங்கி இளஞ்சிவப்பாகத் தெரியும். உலோகம் அந்த இடத்தில் பலமிழக்கும். இரவெல்லாம் ஊறவைத்த பித்தளைச் சொம்பிலும் குழாயிலும் சிவப்புத் திட்டு விழுவது இதனால்தான்.

எதற்கு இந்த வைத்தியம் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய சுருக்குப்பையில் சில அம்மன் காசுகள் இருந்தன. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரி சமயத்தில் அரண்மனையில் கொடுத்த காசு என்று பத்திரமாக வைத்திருந்தார். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு அது செல்லாக்காசு. பச்சையும் கறுப்பும் ஏறியிருந்த அந்தக் காசுகளைப் புளிபோட்டுத் தேய்க்கக் குழந்தைகளாகிய எங்களுக்குக் கை துறுதுறுக்கும். "காசுக்குப் புளி ஆகாது. அழுக்கோட அம்மனும் போயிருவா" என்று வாங்கி முடிந்துகொள்வார். பழங்காசு சேகரிப்பவர்கள் இன்றும் சொல்லும் முதல் விதி இதுதான்.

வெள்ளை வந்தபோது புளி தோற்றது. போர்த் தண்ணீர் வந்த புதிதில், குழாய் வாயைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு காறை. அம்மா வழக்கம்போலப் புளியை அப்பினார். கழுவிக் காய்ந்ததும் வெள்ளை அப்படியே இருந்தது. சில இடத்தில் கூடியிருந்தது போலவும் தோன்றியது. ஆழத்துத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். சொட்டு காயும்போது கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் கெட்டியாகத் தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 200-ஐத் தாண்டிய தண்ணீர் என்றால் குழாய்வாயே அதைச் சொல்லிவிடும். பருப்பு வேகச் சுணங்கும், சோப்பு நுரைக்காது, அடுப்பில் வைக்கும் வெந்நீர்ப் பானையில் ஓடு கட்டும்.

இங்கே புளி தோற்றதற்குக் காரணம் உண்டு. டார்டாரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு வெள்ளை போன இடத்தில் இன்னொரு வெள்ளை உட்காரும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் இதைவிடத் தேவலை. எல்லாவற்றிலும் நல்லது வினிகர். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் வரும் உப்பு தண்ணீரில் நன்றாகவே கரைந்துபோகும். எங்கள் வீட்டில் வினிகர் ஏது? ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் பிழிந்த எலுமிச்சை மூடிகளைக் குழாய்வாயில் தொப்பி போலக் கவிழ்த்து, நூலால் கட்டிவிடுவதை அப்பாயிதான் கண்டுபிடித்தார். சாறு போன மூடியிலும் புளிப்பு மிச்சமிருக்கும். அரைமணி நேரம் கழித்து எடுத்தால் காறை இளகியிருக்கும். பீர்க்கங்கூட்டால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். எலுமிச்சை விலை ஏறும் கோடையில் புளித்த மோரைத் துணியில் நனைத்துச் சுற்றிவைப்பார். அதற்கு வேகம் போதாது, ஒரு ராத்திரி வேண்டும். ஆனாலும் வேலை நடந்தது.

இன்றைக்கு எங்கள் வீட்டில் வினிகர்தான். பழந்துணியை அதில் நனைத்துக் குழாய்வாயைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுவிடுவேன். வாயில் திருகி வைத்திருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றி ஒரு கிண்ணத்து வினிகரில் போட்டால், நுரைத்து நுரைத்து அடைப்பு கழன்றுவிடும். தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது, மோட்டார் கெட்டுவிட்டது என்று பிளம்பரைக் கூப்பிடும் வீடுகளில் பாதி நேரம் கோளாறு அந்தச் சல்லடையில்தான் இருக்கும். சொட்டுகிற குழாய்க்கு முதல் வைத்தியம் புது வாஷர். சொட்டு நிற்காமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த வாரமே மறுபடி துணி சுற்ற வேண்டும்.

சிவப்பு தோப்பில் இருந்தது. முந்திரித் தோப்பு போரில் பிடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மறுநாள் காலை குடத்தின் அடியில் செங்காவி இறங்கியிருக்கும். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடக்கும் இரும்பு, வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறி வண்டலாகிறது. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போகும். தேயிலைத் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் மை நிறம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியிலும் குழாயிலும் கறை விழும். எங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். பொற்பனைக்கோட்டைப் பக்கம் செம்புறாங்கல் பாறையில் பழங்காலத்தவர் இரும்பு உருக்கிய தடயங்கள் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் உருக்கி எடுத்ததைத்தான் எங்கள் மோட்டார் துளித்துளியாகக் கரைத்து மேலே கொண்டுவந்தது.

இந்தச் சிவப்புக்கு மருந்து அந்தக் குழாயடியிலேயே முளைத்திருந்தது. ஈரம் தங்கும் இடத்தில் தானாகப் படரும் புளியாரை. மூன்று இதய வடிவ இலை, மஞ்சள் பூ. பறித்து மென்றால் பல் கூசும். துவையலுக்கும் ஆகும். ஒரு கைப்பிடி பறித்து, கசக்கி, சாறோடு குழாயில் வைத்துத் தேய்த்தால் துரு மங்கி இறங்கும். பித்தளையையும் அது பளிச்சிட வைக்கும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் இரும்பைக் கவ்விக் கரைக்கிறது. துருக்கறை போக்கக் கடையில் விற்கும் பொருட்கள் சிலவற்றில் இருப்பதும் இதே அமிலம். ஆனால் சுண்ணாம்பின் வெள்ளைக்குப் புளியாரை உதவாது. அங்கே அது கரையாத உப்பையே உண்டாக்கும். ஆக, மூன்று கறைக்கும் புளிப்புதான் மருந்து என்றாலும் மூன்றும் வேறு வேறு புளிப்பு.

சிவப்புக் கறையில் பலரும் தவறுவது பிளீச்சிங் பவுடரில். வெளுக்க வைக்கும் பொருள் என்பதால் துருவையும் வெளுக்கும் என்று நினைத்துக் கொட்டுகிறார்கள். குளோரின் இரும்பை இன்னும் வேகமாகத் துருவாக்கும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த அன்றைக்கு, இரும்புள்ள தண்ணீர் வழக்கத்தைவிடச் சிவந்து வருவது அதனால்தான். கிருமிக்கு அது நல்லது. கறைக்கு அது பகை.

கஜா வந்தபோது இந்தக் குழாய்கள் எல்லாமே வாயடைத்துப்போயின. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த புயல் எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்து கிடந்தன. கரண்டு இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி வந்து ஊர்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். நாங்கள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்து, கயிறும் வாளியும் தேடி எடுத்தோம். பித்தளைக் குடம் பரணிலிருந்து இறங்கியது. பல நாள் கழித்துக் கரண்டு வந்து மோட்டாரைப் போட்டபோது, காய்ந்து கிடந்த குழாய்கள் முதலில் காற்றைக் கக்கின. பிறகு செக்கச்செவேலென்று கொட்டின. குழாய்க்குள் காய்ந்து ஒட்டிய துருவும் காறையும் ஒன்றாகக் கழன்று வந்து, இருந்த சல்லடைகளை எல்லாம் அடைத்தன. சாலையோரப் புளியமரங்கள் பல அந்தப் புயலில் போய்விட்டதால், உறவுக்காரர்கள் புளிக்குக்கூட ஒருவரை ஒருவர் கேட்டு வாங்கிய வருடம் அது.

அதன் பிறகு கட்டிய வீடுகளில் பித்தளைக் குழாயைப் பார்ப்பது அரிது. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்துக்குப் பின் கிராமத்து வீடுகளுக்கும் தனித்தனி இணைப்புகள் வந்தன. வாசலில் பிளாஸ்டிக் குழாய். உள்ளே, வசதிக்கேற்பக் குரோமியம் பூசிய குழாய். பிளாஸ்டிக்கில் பச்சை வராது. வெள்ளையும் சிவப்பும் வரும். குரோமியக் குழாயில்தான் பழைய வைத்தியம் தடுமாறியது. பெரியத்தை புதுவீடு கட்டிக் குடிபோன முதல் பொங்கலுக்கு, சமையலறைக் குழாயைச் செங்கல் பொடி போட்டு, கம்பி நார் வைத்து ஒரு பிடி பிடித்தார். பொங்கலன்று குழாய் முழுக்கக் கீறல். கொஞ்ச மாதத்தில் கீறல் வழியே ஈரம் இறங்கி, பூச்சு செதில் செதிலாக உரிந்தது. "அந்தக் காலத்துப் பித்தளையா இருந்தா தேய்க்கத் தேய்க்கத் தங்கமாயிருக்கும்" என்று குழாயைத் திட்டினார் அத்தை.

அவர் சொன்னது சரிதான். பித்தளை உள்ளும் புறமும் பித்தளை. மேல்தோல் தேய்ந்தால் அடியிலும் அதுவே. குரோமியப் பூச்சோ ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழேதான் குழாயின் உடம்பு. அதில் செங்கல் பொடியும் சாம்பலும் உமிக்கரியும் படக்கூடாது. புளிப்பும் நெடுநேரம் நிற்கக்கூடாது. மெல்லிய துணி, வினிகரோ எலுமிச்சையோ கொஞ்சம், பத்து நிமிடத்துக்குள் தண்ணீர் விட்டுக் கழுவல், உடனே துடைத்து உலர்த்தல், இவ்வளவு போதும்.

இப்போது கைபேசியில் உறவுக்காரர்கள் அனுப்பும் குறிப்புகளில் எல்லாம் வினிகரையும் சோடா மாவையும் ஒன்றாகக் கொட்டி, பொங்கும் நுரையைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. நுரை அடங்கிய பின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்பு கலந்த தண்ணீர். சோடா மாவு காரம். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதைத் தனியாகப் போடுங்கள், கழுவுங்கள். வினிகர் அமிலம், சுண்ணாம்புக் காறைக்கு அதைத் தனியாகப் போடுங்கள். புளியும் சாம்பலும் வைத்திருந்த வீட்டில் பெண்கள் அறிந்திருந்த வரிசையை, பொருள் மாறியதும் நாம் தொலைத்துவிட்டோம். இயற்கைப் பொருள் என்ற பெயர் மட்டும் கையில் மிஞ்சியிருக்கிறது.

சைக்கிளில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு, "ஆசிட்டே... பினாயிலே..." என்று கூவி வருபவரிடம் வாங்கும் ஆசிட் ஒரே நிமிடத்தில் வெள்ளையை எடுத்துவிடும், உண்மைதான். கூடவே குரோமியத்தையும் பித்தளையையும் தின்னும், மூச்சையும் எரிக்கும். அதைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிட்டால் கிளம்புவது குளோரின் வாயு. கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரையும் எலுமிச்சையையும்கூடப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அமிலம் எதுவானாலும் விளைவு அதே வகைதான்.

உங்கள் வீட்டுக் குழாயில் கை வைக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: கறை என்ன நிறம், குழாய் என்ன உலோகம். பச்சைக்குப் புளி, வெள்ளைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை, சிவப்புக்குப் புளியாரை. ஒன்றைக் கழுவி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பித்தளைக் குழாய் என்றால், வார்க்கவும் கடையவும் எளிதாக இருக்க அதில் ஈயம் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். புளிப்புப் பட்டால் அது தண்ணீரில் இறங்கும். ஆகவே புளிப்பு வைத்துத் துலக்கிய குழாயில் வரும் முதல் வாளித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள்; கொல்லையைக் கழுவிவிடுங்கள். ஆசிட் பாட்டில் இருந்தால் அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; அடுத்த பாட்டிலை வாங்காதீர்கள்.